வாளியிலிருந்து எடுத்த காச்சில்

எங்கள் பல்கலைக்கழகத் தோட்டத்தில் காச்சில் கிழங்குக்கென்று ஒரு பாத்தி உண்டு. ஒவ்வொரு செடியும், எங்கள் பேச்சில் மூடு, ஒரு ரகம். ஓரத்தில் இருந்தது எங்கள் வீட்டு ரகம், நான் கொண்டுபோய் நட்டது. எங்கள் வேலியை எடுத்துவிட்டுச் செங்கல் மதில் கட்டியபோது அதில் படர்ந்திருந்த வீட்டுக் கொடி போயிற்று. அக்கம்பக்கத்தில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன், யாரிடமும் இல்லை. தோட்டத்தில் நின்ற ஒரு மூடுதான் மிச்சம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்த மூட்டுக்குப் பெயர்ப்பலகை எழுதியதும் நான்தான். போட்டோவைக் காட்டியபோது, “நம்ம கெழங்குக்கும் போர்டா மக்கா?” என்று அம்மா சிரித்தாள்.

துறையில் கிறிஸ்மஸ் விருந்து. தேங்காய் அரைத்துப் போட்ட கிழங்குப் புழுக்கும் மீன் கறியும். நன்றாக இருக்கிறதென்று சொல்லி இரண்டாம் முறையும் வாங்கினேன். அப்போதுதான் ஒரு துண்டின் ஓரத்தில், எங்கள் ரகத்துக்கு மட்டுமே உள்ள வயலட் கோட்டைப் பார்த்தேன். தட்டைக் கீழே வைத்தேன்.

“இது எங்க தோண்டினது?” என்று லேப் அட்டெண்டரைக் கேட்டேன்.

“ஓரத்து மூட்டுலயாக்கும். கொடி காய்ஞ்சு கெடந்துதுல்லா? பட்டுப்போச்சு, தோண்டுன்னு சாரு சொன்னாரு.”

கொடி காய்ந்தால் கிழங்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். தோண்டி, தலைப்பக்கத்தை வெட்டி, சாம்பலில் புரட்டி அடுத்த நடவுக்கு வைக்க வேண்டும். இதைப் பரீட்சையில் எங்களிடம் கேட்டவர் அதே சார்தான்.

அவர் மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “நீ எதுக்கு மூஞ்சியத் தூக்குற? கெழங்கு திங்கதுக்கு உள்ளதாக்கும். சந்தையில வேற வாங்கி நட்டாப் போச்சு.”

“போர்டு அங்கதான் நிக்குது, பத்திரமா,” என்றான் கூடப் படிப்பவன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

“தலை எங்க?” என்றேன். அட்டெண்டர் பின்பக்கத்து வாளியைக் காட்டினார்.

மீன் செதில், கோழிக் குடல், ஊறிய சோறு. முழங்கை வரை கையை விட்டேன். அந்த நாற்றத்தைக்கூடப் பொறுக்க முடிந்தது. உள்ளே கேட்ட சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. நானும் அவர்களோடு உட்கார்ந்து, ருசி என்று சொல்லித் தின்றிருந்தேன்.

நார் என்று நினைத்துத் தலையைத் தோலோடு வெட்டி எறிந்திருந்தார்கள். ஒரு துண்டு அழுத்தியதும் குழைந்தது. மற்றது கெட்டியாக இருந்தது. கழுவி, துப்பட்டாவில் சுற்றினேன். பாறசாலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். நான் நகரவில்லை.

இப்போது அது எங்கள் கிணற்றடியில் கொடி வீசியிருக்கிறது. தோட்டத்துக்கு ஒரு துண்டு வேண்டும் என்று சார் ஆள் அனுப்பினார். கொடுக்கவில்லை.