அய்யாவு மச்சானுக்கு வந்த சாமி

என் அக்கா பவுனம்மாளின் புருஷன் அய்யாவு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். ரயில் பெட்டி கழுவுகிற வேலை. நாற்பது வயது தாண்டியும் அவரை யாரும் ஓர் ஆளாக மதித்ததில்லை. குவார்ட்டர்ஸ் கல்யாணங்களில் எச்சில் இலை எடுக்கக் கூப்பிடுவார்கள், பந்தியில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். வேலை வாங்குகிற மண்டோர் அவரை ‘ஓய்’ என்றுதான் அழைப்பான். மச்சான் சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தெட்டாம் வருஷத் தைப்பூசத்தில் எல்லாம் தலைகீழானது. பத்துமலையில் பால்குடம் தூக்கிப் போனவர், படிக்கட்டை எட்டுவதற்கு முன்னாலேயே, உறுமி மேளம் உச்சத்தில் இருக்கும்போது சடாரென்று விழுந்தார். கண் மேலே சொருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. “சாமி வந்துருச்சு” என்று நாலு பக்கமும் சத்தம். யாரோ திருநீறு அள்ளிப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து உட்கார்ந்து மலங்க மலங்க விழித்தார். அதற்குள் பெண்கள் அவர் காலில் விழுந்து கும்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அவருக்குப் பெயரே சாமிதான். அந்த மண்டோரே மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். மச்சான் திருநீறு கொடுத்து, நடக்கும் போ என்றார். நடந்தும் விட்டது. அதற்கப்புறம் எந்தப் பந்தியிலும் முதல் இலை அவருக்குத்தான். அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

இருமல் மட்டும் வெகுநாளாக இருந்தது. காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. கழுத்திலிருந்த கட்டியை எடுத்துச் சோதித்துவிட்டு, இது வேறு, சார்க்காய்டோசிஸ் என்றார்கள். எங்கள் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. நுரையீரலில் பொடிப்பொடியாகக் கட்டி முளைக்கிற வியாதியாம். ஈசிஜியிலும் கோளாறு தெரிந்ததால் இதய டாக்டரிடம் அனுப்பினார்கள். உமையாள் என்று ஒரு தமிழ்ப் பெண். கிள்ளானிலிருந்து நான்தான் கார் எடுத்து வந்து இருவரையும் கூட்டிப்போனேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இதே கட்டி இதயத்திலும் முளைத்திருக்கலாம். துடிப்பை நடத்துகிற மின்சாரம் போகும் வழியில் முளைத்தால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். யாருக்கு நிற்கும், யாருக்கு நிற்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. சில அறிகுறிகளை வைத்துக் கணிக்கத்தான் முடியும். அதில் பெரிய அறிகுறி எது என்பது அவர் கேட்ட கேள்வியிலேயே இருந்தது.

“எப்பவாவது மயக்கம் போட்டு விழுந்திருக்கீங்களா அண்ணே?”

“இல்லீங்க டாக்டர்,” என்றார் மச்சான். அக்காவும் இல்லையென்று தலையாட்டினாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கணக்கில் அவருக்கு மயக்கம் வந்ததே கிடையாது, சாமிதான் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பத்துமலையில் விழுந்ததைப் போட்டு உடைத்துவிட்டேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கண் சொருகியதா, கை கால் இழுத்ததா, தானாக எழுந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு மச்சானைப் பார்த்து, இன்றைக்கே அட்மிட் ஆகிவிடுங்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும் என்றார். வைத்தாலும் முழுசாக ஆபத்து நீங்காது, ஆனால் இப்படியே வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை என்றும் சொன்னார்.

மச்சான் எழுந்துவிட்டார். “சாமி வந்ததுக்குப் போயி யாராச்சும் பேட்டரி வெப்பாங்களா டாக்டர்?” என்று மட்டும் கேட்டார்.

வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முருகன் பார்த்துக்கொள்வான், விடு என்றாள் அக்கா. இரண்டு பேரையும் இறக்கிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

அடுத்த மாதம் குளியலறையில் விழுந்தார். மேளம் இல்லை, கற்பூரம் இல்லை. கவிழ்ந்த வாளியும் சோப்பு நுரையும்தான் இருந்தன. அக்கா போன் செய்து, “தம்பி, அது சாமி இல்லடா,” என்றாள்.

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். மச்சான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

“மத்தவங்களுக்குச் சாமி வந்தா வெளிச்சம் தெரிஞ்சிச்சு, மணி கேட்டுச்சுன்னு சொல்றாங்க மாப்ள. எனக்கு ஒன்னுமே இல்ல. சுவிச்ச அமுக்குன மாதிரி இருட்டு. பத்துமலையிலயும் அதேதான்.” என் பக்கம் திரும்பினார். “அது முருகன் இல்லன்னா, எனக்குன்னு இந்த ஜென்மத்துல என்னதான் வந்துச்சு, சொல்லு.”

திட்டப் போனவன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றார். ஆனால் அந்த வாரம் கிள்ளானில் எங்கள் முருகன் கோவிலில் ஆடிக் கிருத்திகை. பால்குடம் நேர்ந்திருந்தார். அது முடிந்த மறுநாள் காலையில் போவோம் என்றார். டாக்டர் உமையாள் போனில் கெஞ்சாத குறைதான், இன்றைக்கே கூட்டி வாருங்கள் என்று. மச்சான் அசையவில்லை. கடைசியாக ஒரு தடவை சாமியாக நடந்துவிட்டு வருகிறேனே என்றார். அதைக் கேட்ட பிறகு எந்த வாயால் மறுப்பது?

பால்குட ஊர்வலத்தில் அவருக்கு ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் நான். அக்கா அவர் இடுப்பு வேட்டியை இறுக்கிப் பிடித்தபடியே நடந்தாள். கோவில் வாசல் தெரிந்தது. உறுமிக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள். குடம் நழுவிப் பால் என் காலில் கொட்டியது. திரும்பிப் பார்ப்பதற்குள் மச்சான் தரையில் கிடந்தார்.

கூட்டம் வேல் வேல் என்று கூவியது. மேளம் இன்னும் வேகமானது. நான் அவரைத் தூக்கக் குனிந்தேன். சாமியைத் தொடாதே என்று நாலைந்து பேர் என்னைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

“சாமி இல்ல, அவருக்கு மயக்கம், தூக்குங்க,” என்று அக்கா கதறினாள். தலைமுடி அவிழ்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கத்தினாள்.

“இந்தம்மாவுக்கும் வந்துருச்சு,” என்றார் ஒருவர். இரண்டு பெண்கள் ஓடிவந்து அவள் கைகளைப் பின்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசினார்கள். அவள் திமிறத் திமிற மேளமும் ஏறிக்கொண்டே போனது.

நான் முட்டி மோதிப் போய் ஓர் உறுமியைப் பிடுங்கிக் கீழே போட்டேன். மற்ற மேளங்களும் ஒவ்வொன்றாக நின்றன. மச்சானுக்கு மூச்சு இல்லை. அவர் காலடியில் ஒரு பெண் இன்னும் கும்பிட்டபடியே, மகனுக்கு வேலை கிடைக்குமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.