ஏரியைச் சுத்தம் செய்தவர்களுக்குப் பரிசு

என் அக்காவுக்கு எங்கள் தெருவில் 'செடி போலீஸ்' என்று பெயர். வைத்தவர்கள் வாய்க்கொழுப்பு பிடித்தவர்கள். நீர்நிலைப் பராமரிப்பு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் செடிகளில் எது ஆபத்து, எது சாது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்குகிற ஆளில்லை. எதிர்வீட்டுக் கொடியைப் பார்த்து, "இதுவும் எங்கேயோ இருந்து வந்ததுதான். ஆனா விதையே கட்டாது, சுவரைத் தாண்டாது. இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டவள். ஆகாயத்தாமரை என்றால் மட்டும் முகம் மாறிவிடும்.

ஊரில் இரண்டு ஏரிகள். கீழ் ஏரியை ஆகாயத்தாமரை மூடி, தண்ணீர் நாறி, மீன் செத்து மிதந்தது. மேல் ஏரியில் அது ஒன்றுகூட இல்லை. ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். அங்கே அது போய்விடக் கூடாது என்ற ஒரே கவலைதான் அக்காவுக்கு.

"அதுவா நடந்து மேல போகாது சார். யாராவது தூக்கிட்டுப் போனாத்தான் போகும்" என்று அலுவலகக் கூட்டங்களில் தொண்டை வறளக் கத்தினாள். அதிகாரி தலையாட்டினார். அவர் தலை எதற்கும் ஆடும்.

கீழ் ஏரியைச் சுத்தம் செய்ய ஊர் திரண்டது. நானும் இடுப்பளவு சேற்றில் இறங்கினேன். பிடுங்கியதைத் தண்ணீரிலிருந்து தள்ளிக் கொட்டிக் காயவைக்கச் சொல்லி அக்கா கரையில் ஓடியாடினாள். மாலையில் நன்றிக் கூட்டம். மேசை நிறையக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஊதாப் பூவோடு ஓர் ஆகாயத்தாமரை! உழைத்தவர்களுக்கு நினைவுப் பரிசாம். அதிகாரி தானே யோசித்துச் செய்த ஏற்பாடாம். எதைப் பிடுங்க முதுகு ஒடிய உழைத்தோமோ, அதையே குளிப்பாட்டி வீட்டுக்கு வீடு அனுப்புகிறார்கள். ஜனங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப் போனார்கள். கையில் கொடுத்தால் எதையும் வாங்குகிற கூட்டம்.

அக்கா கரையிலிருந்து வருவதற்குள் மேசை காலி. அந்த வாரம் முழுக்க அவளும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

"குடுத்த பரிசைத் திரும்பக் கேக்குறீங்களே, நல்லா இருக்கா?" என்று ஓர் அம்மா கதவைப் பாதி சாத்தினார்.

"நல்லா இல்லைதாங்க. கிண்ணத்தை நீங்களே வச்சுக்கோங்க, செடியை மட்டும் குடுங்க" என்றாள் அக்கா. நானாக இருந்தால் கிண்ணத்தையும் உடைத்திருப்பேன்.

எல்லாம் தெரிந்த முகங்கள் என்பதால் ஒருவழியாகச் செடிகள் வந்து சேர்ந்தன. மிச்சம் அதிகாரியுடையதுதான். அவர் அறைக்குப் போனோம். ஜன்னலோரம் கிண்ணம் வெறுமையாக இருந்தது.

"செடி எங்க சார்?"

"அதுவாம்மா? இங்க வெயில் இல்லாம இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. அதுவும் ஒரு உயிர்தானே, பாவம். காலையில நடக்கப் போனப்ப மேல் ஏரியில விட்டுட்டேன். காத்துல அழகா மிதந்து போச்சு. பிழைச்சுக்கும்."

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் மூலையிலிருந்த குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுக்கோங்க சார். நல்லா இருக்கிறப்பவே குடிச்சுக்கோங்க."

"தேங்க்ஸ்மா" என்று சொல்லி அவர் குடித்தார்.