அதிர்வு அல்ல, உதறல்

"நின்னு கிளம்பும்போது வண்டி உதறுது."

பத்து மாதமாக அவள் சொன்னது இவ்வளவுதான். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. புருஷனிடம் சொன்னாள், மேல்வீட்டுக்காரியிடம் சொன்னாள், கம்பெனியின் இலவச எண்ணில் மூன்று நிமிடம் இசை கேட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெண்ணிடம் சொன்னாள். பல் பிடுங்கிக்கொண்ட அன்று வாய் நிறையப் பஞ்சோடு டாக்டரிடமும் சொன்னாள்: "இன்னு இளம்ஹும்ஹோது அண்டி உஹறுஹு." டாக்டர் பயந்துபோய் இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார். கடைசியில் அவள் போனைக் கையில் எடுத்தாலே போதும், கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து புருஷன், அதே இழுப்பு, 'உத'வில் அதே அழுத்தம் என்று முழு வாக்கியத்தையும் அவளுக்கு முன்னால் சொல்லி முடித்துவிடுவார்.

அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் அவளுக்குக் காற்புள்ளி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மருந்துப் பெட்டிகளும், பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் விவரத் தாள்களும் அடிக்கிற அச்சகம் அது. இருபத்தாறு வருடமாக அங்கே புரூஃப் பார்க்கிறாள். எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தெல்லாம் அவளுக்குச் சுவரொட்டி மாதிரி. யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒரு சட்டம் வைத்திருந்தாள்: ஒரு பொருளுக்கு ஒரே பெயர். மேல் வரியில் மாத்திரை என்று போட்டுவிட்டுக் கீழ் வரியில் வில்லை என்று போட்டால், நோயாளி இரண்டும் வேறுவேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்குவான் என்பாள். முதலாளி எழுதிய தீபாவளி வாழ்த்தாக இருந்தாலும், சந்தேகமே வேண்டாம், சிவப்பு மை பாயும்.

ஐம்பத்தோராவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்த பள்ளிக்காரர், "அம்மா, பலகையில இருக்கிற எழுத்துப் பிழைய அப்புறம் பாத்துக்கலாம், இப்ப ரோட்டப் பாருங்க" என்று கெஞ்சியது தவிர வேறு குறை இல்லை. முதல் தடவையிலேயே உரிமம் வாங்கினாள். பிறகு கார் வாங்கினாள். புத்தம் புதுசு, வெள்ளை, கியர் தானாக மாறிக்கொள்ளும் ரகம். இரண்டாவது வாரம், ஒரு சிக்னலில் பச்சை விழுந்து கிளம்பினாள். குளிர்ந்த நீரில் முக்கி எடுத்த நாய் போல வண்டி தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறியது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி போனது.

வீட்டில் கேட்டதும் முதலில் தீர்ப்புச் சொன்னது அவளுடைய அண்ணன்தான். முப்பத்துநான்கு வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். இன்னமும் நாற்காலியில் உட்காரும்போது கூடக் கதவைத் திறந்து ஏறுவதுபோலத்தான் உட்காருவார். தொண்டையைச் செருமி, ஹாரன் அடித்து முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கிளட்ச மெதுவா விடு பாப்பா, எல்லாம் சரியாப் போகும்."

"அந்த வண்டியில கிளட்சுக் கட்டையே கிடையாது அண்ணா. கூடத்தையும் ஒரு தடவ அளந்து பாத்துட்டுச் சொல்லு."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. மீசையைத் தடவிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று ஒரு நிபந்தனை போட்டார். கம்பெனிக்காரன் பார்க்கட்டும். வண்டியில் குறை என்று அவன் ஒத்துக்கொண்டால் சரி. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், சாவி தன்னிடம் வந்துவிட வேண்டும்; தங்கை எங்கே போகணுமோ தானே ஓட்டிக்கொண்டு போய் விடுவார், அவள் ராணி மாதிரி பின்னால் உட்கார்ந்து வரலாம். புருஷன், வம்பு தீர்ந்தால் போதும் என்று, கேட்பதற்கு முன்பே தலையாட்டினார். காற்புள்ளியும் சரி என்றாள். வண்டிதான் உதறுகிறதே, அவளுக்கென்ன பயம்.

சர்வீஸ் நிலையத்தில் அவளை எதிர்கொண்டது இஸ்திரி போட்ட சட்டையும் இஸ்திரி போட்ட குரலுமாக ஓர் அட்வைசர். அந்தப் பையனுக்கு எல்லா வேலையும் முடிந்தே இருக்கும். பாத்தாச்சு மேடம், சரி பண்ணியாச்சு மேடம், கழுவியாச்சு மேடம். அவள் அவனுக்கு 'ஆச்சு' என்று பெயர் வைத்தாள். ஒவ்வொரு முறையும் வண்டி குளித்துவிட்டு மணக்க மணக்க வரும். குணம் மட்டும் மாறாது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்ததைக் கண்ணாடி வழியாக அவளே பார்த்தாள். முற்றத்தைச் சுற்றி ஒரே வட்டம். நின்று கிளம்பினால்தானே உதறும். அவன் எங்கே நிறுத்தினான்?

நான்கு முறை விட்டாள், நான்கு முறை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் ஆச்சு ஒரு வேலைச் சீட்டை நீட்டுவான், அவள் கையெழுத்துப் போடுவாள். வாரண்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்று நம்பி அடித்த பொடி எழுத்தில், ஒரு விதி இருந்தது: முதல் வருடத்துக்குள் ஒரே குறைக்கு நான்கு முறை பழுதுபார்த்தும் தீரவில்லையென்றால், கம்பெனியே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காற்புள்ளி அதைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினாள். அப்படி ஒரு பிழையற்ற கடிதம் அந்தக் கம்பெனிக்குப் போயே இருக்காது.

பதில் வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே, தாங்கள் கூறியவை நான்கு வெவ்வேறு குறைகள், நான்கும் சரிசெய்யப்பட்டுவிட்டன, தங்கள் வண்டி நல்ல நிலையில் உள்ளது.

நான்கு சீட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினாள். முதலாவதில் 'சத்தம்'. இரண்டாவதில் 'அதிர்வு'. மூன்றாவதில் 'இழுவைக் குறைவு'. நான்காவதில் 'ஓட்டும் முறை விளக்கப்பட்டது'. அவள் சொன்னதென்னவோ நான்கு முறையும் ஒரே வாக்கியம். அவன் எழுதியது நான்கு வியாதி. அதைவிடக் கொடுமை, இரண்டாவது சீட்டில் ஆச்சு 'அதிற்வு' என்று எழுதியிருக்கிறான். அதன் மேல் சிவப்பு மையில் வல்லின றகரத்தை அடித்து இடையின ரகரம் போட்டிருக்கிறது. அவள் கையேதான். எழுத்தைத் திருத்திவிட்டுச் சொல்லை விட்டிருக்கிறாள். ஊருக்கெல்லாம் மாத்திரை, வில்லை என்று பாடம் எடுத்தவள், தன் வீட்டு வில்லையைத் தானே விழுங்கியிருக்கிறாள்.

புருஷன் எட்டிப் பார்த்தார். நிதானமாக நான்கையும் படித்தார்.

"எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல" என்றார்.

அன்று அவள் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

கம்பெனியின் பதில் அண்ணனுக்கு எப்படித் தெரிந்ததோ, மறுநாள் காலை உள்ளங்கையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றார். காற்புள்ளி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வருடம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதுவரை பொறு என்றாள். ஐந்து மாதம் என்ன, ஐந்து வருடம் ஆனாலும் கால் கால்தான் என்று சொல்லிவிட்டு அவர் கியர் மாற்றிப் போனார்.

ஐந்தாவது முறை சர்வீஸ் நிலையத்துக்குப் போனபோது அவள் கைப்பையில் கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் இருந்தன. உதறல் என்று எழுது என்றாள். சீட்டெல்லாம் இப்போது கணினியில்தான் என்று ஆச்சு அதைத் திருப்பிக் காட்டினான்.

"இதுல உதறல்னு இல்ல மேடம். சத்தம் இருக்கு, அதிர்வு இருக்கு, இழுவை இருக்கு. மூணுல ஒண்ணு சொல்லுங்க மேடம், போட்டாச்சு."

"ஏன் தம்பி, உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற வியாதியப் பாத்து என் வண்டி பிடிச்சுக்கணுமா?"

அச்சடித்து வந்த சீட்டில் 'அதிர்வு' என்ற சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். வரிக்கு அடியில் செருகுகுறி போட்டாள். ஓரத்தில், மணி மணியாக, 'நின்று கிளம்பும்போது வண்டி உதறுகிறது' என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். அப்படியெல்லாம் வழக்கமில்லை மேடம் என்றான். வழக்கம் ஆகும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டியது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் ஆச்சுவைப் பார்த்தார், எல்லாரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள். ஆச்சு கையெழுத்துப் போட்டான்.

ஆறாவது முறையும் அதே கோடு, அதே வாக்கியம். ஏழாவது முறை அவன் தானே பேனாவை எடுத்து நீட்டினான். எட்டாவது முறை அவள் உட்காருவதற்குள் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தான், 'உதருகிறது' என்று. அவள் இந்தத் தடவை முதலில் முழுதும் படித்தாள். அர்த்தம் சரி என்று தெரிந்த பிறகுதான் ரகரத்தில் கை வைத்தாள்.

இந்தப் புது நான்கு சீட்டும் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்துப் பரிமாறுகிறவர் மாதிரி பேச்சு. வண்டியில் குறை இருக்க, வாய்ப்பு, குறைவு. பெரும்பாலும், ஓட்டும், பழக்கம். காற்புள்ளி வாதாடவில்லை, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள் என்றாள். நேரில் தீர்ப்புக் கேட்டுச் சாவியைக் கையோடு வாங்கிப் போவதற்கென்றே அண்ணனும் வந்திருந்தார். நானிருக்கிறேன் என்று முன்னால் வந்தார்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதிகாரி பக்கத்தில். காற்புள்ளியும் ஆச்சுவும் பின்னால். முதல் சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி உதறிய உதறலில் அதிகாரியின் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. அண்ணன் தன் காலைத்தான் குனிந்து பார்த்தார். இரண்டாவது சிக்னலில் கால் விரலால் கோலம் போடுகிறவர் போல மிதித்தார். இன்னும் பலமாக உதறியது. மூன்றாவதில் அவர் காது மடல் சிவந்துவிட்டது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எல்லாருக்கும் சொல்கிற அதே வார்த்தையை அவருக்கும் பரிமாறினார்: சில பேருக்கு, கால் பழக, நாளாகும், சார்.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார்.

"தம்பி, முட்டை லோடு ஏத்திக்கிட்டு மலை ஏறி இறங்கினவன் நான். ஒரு முட்டை உடைஞ்சதில்ல. என் காலுக்கா பழகல?"

இறங்கினார், பின்கதவைத் திறந்தார், தங்கையைப் பார்த்து, "நீ ஓட்டு பாப்பா" என்றார். முப்பத்துநான்கு வருடத்தில் அவர் இன்னொருவருக்கு இருக்கையை விட்டுக்கொடுத்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். திரும்பி வரும் வழியில் ஐந்து சிக்னல். பின்னாலிருந்து அவர் ஏலம் விடுகிறவர் குரலில் எண்ணிக்கொண்டே வந்தார்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஐந்தாவதை அதிகாரியே வாய்க்குள் எண்ணினார்.

அலுவலகத்தில் அதிகாரி கடைசி நான்கு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றைப் படித்தால் போதும். இருந்தாலும் எங்காவது ஒரு சொல் மாறியிருக்காதா என்று நான்கையும் படித்தார். ஒரு புள்ளி மாறவில்லை. ஆச்சுவை நிமிர்ந்து பார்த்து, இதெல்லாம் உண்மையா என்றார்.

"ஆமா சார். உதறுது" என்றான் அவன். ஆச்சு இல்லாமலும் மேடம் இல்லாமலும் அவன் பேசி அவள் கேட்டது அன்றுதான்.

மூன்று வாரத்தில் வழிக்கு வந்தார்கள். கம்பெனி வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், கொடுத்த விலை முழுதும் வரும். அச்சகத்தில் கைதட்டினார்கள். முதலாளி ஒரு வாழ்த்து எழுதிக் கொடுத்து, இதை மட்டுமாவது திருத்தாமல் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டார்.

அந்த ஒப்பந்தக் கடிதம் இப்போது அவளுடைய அச்சக மேசையில், கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஆறாவது வரிக்குப் பிறகு நேராக எட்டாவது வரி. நடுவில் ஒரு கறுப்புக் கோடு, கோட்டின் ஓரத்தில் அதிகாரியின் கையெழுத்து. அந்த ஏழாவது வரி, வண்டியில் குறை இருந்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை என்றும், வாடிக்கையாளர் இதைப் பற்றி எவரிடமும் பேசக் கூடாது என்றும் சொன்னது. கடைசி நாளன்று மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். வழக்கமான வரிதான் மேடம் என்றார் அதிகாரி. போட்டுத் தொலையேன், வண்டிதான் போகிறதே என்று புருஷன் காதோடு சொன்னார். அண்ணன் தங்கையின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்புள்ளி ஏழாவது வரியை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை எழுத்துக்கு, இரண்டாம் தடவை அர்த்தத்துக்கு. கண்ணாடியைக் கழற்றினாள்.

"தம்பி, பத்து மாசம் வாய் வலிக்கச் சொன்னேன், கேக்க ஒரு காது இல்ல. இப்ப எல்லாரும் கேக்கத் தயாரா இருக்காங்க, சொல்லக் கூடாதுங்கிறீங்க. நான் வாய மூடிக்கிட்டா, ஓட்டத் தெரியாம வண்டியத் திருப்பிக் குடுத்தவன்னுதான் எனக்குப் பேரு நிக்கும். இந்த ஏழாவது வரிய நீங்களே அடிச்சுக் குடுங்க. அடிக்கக் கை வரலேன்னா தாள இப்படித் தள்ளுங்க, எனக்கு இருவத்தாறு வருஷமா அதுதான் தொழில்."