கடைசி சீட்டைப் பிடிச்சு வச்சிருந்தது யாரு?

இன்னைக்குக் காலையில களியக்காவிளை டிக்கெட் ஏஜென்ட் அண்ணன் மேல எனக்குப் பலமான சந்தேகம்.

நான் புரோகிராம் எழுதற எங்க பஸ் புக்கிங் சைட்டில் ஒருத்தர் சீட்டைத் தொட்டா, அவர் பேரில் ஒரு பதிவு விழும், சீட்டு பத்து நிமிஷம் அவருக்கு. பணம் கட்டலைன்னா தற்காலிகத் தகவலை வைக்கிற மெமரி டேட்டாபேஸில் இருந்து அந்தப் பதிவு தானா அழிஞ்சு, சீட்டு மத்தவங்களுக்குத் திறந்துடும்.

நாளைய சென்னை பஸ்ஸில் மிச்சமிருந்த ஒரே சீட்டு மூணு மணி நேரமா பூட்டியே கிடந்தது. கல்ஃப் இன்டர்வியூவுக்குப் போக வேண்டிய ஒரு நர்ஸ் நாலு தடவை போன் பண்ணிட்டாங்க.

வேண்டியவங்களுக்காக அண்ணன் பிடிச்சு வச்சிருக்கார்னு நெனச்சேன். "அண்ணே, சீட்டை விட்டுருங்க"ன்னு போன் போட்டேன்.

"தொட்டேன், பேரைத் திருத்தினேன், வேண்டாம்னு விட்டேன். என்னைக் கள்ளன்னு நெனச்சியா மக்கா?"

நம்பாம அவர் பதிவைத் திறந்து பார்த்தேன். பேரைத் திருத்தினப்ப நான் எழுதின புரோகிராம் பழைய பதிவு மேலயே முழுசாப் புதுசா எழுதியிருக்கு. பத்து நிமிஷக் கெடுவும் அதோட போயிடுச்சு. இனி அது தானா அழியாது.

நானே அழிச்சேன். நர்ஸுக்குச் சீட்டு கிடைச்சது.

அண்ணன் இப்ப என் போனை எடுக்கலை. சாயங்காலம் நேரில் போறேன். தனியாப் போகப் பயமா இருக்கு, கூட யாரு வர்றீங்க?