முத்தையா அண்ணன் நடந்து காட்டியது

எங்கள் தெரு மக்களின் மேலான கவனத்துக்கு: கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணியளவில் டீக்கடை பெஞ்சு குடை சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. டம்ளர் ஒன்று உடைந்தது. வலது ஓரத்தில் அமர்ந்திருந்த பலசரக்குக் கடை மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மற்ற நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்ததே விபத்துக்குக் காரணம்.

அவர்கள் ஏன் எழுந்தார்கள் என்பதுதான் உண்மையான செய்தி. லோடுமேன் முத்தையா அண்ணன் நெஞ்சு வலியில் போய்விட்டார் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய பதினாறாம் நாளுக்குச் சுமை தூக்கும் அண்ணன்மார் ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற, கட்டுரைப் போட்டியில் ஒரு தடவை பரிசு வாங்கிய என்னை எழுதச் சொன்னார்கள். என்னை நம்பிக் கொடுத்தார்கள் என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அண்ணன் மேலிருந்த சந்தேகமும் மயானம் வரை கூடவே வந்தது. 'தங்கமான மனுசன்' என்று அழுதவர்களில் பாதிப் பேர், அவர் கடைக்குள் நுழைந்தால் கல்லாப்பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். இருபது வயதில் மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தபோது, சட்டைப்பையில் ஒரு கைப்பிடி ஏலக்காயோடு செக்போஸ்ட்டில் பிடிபட்டார். வீட்டில் பாயசம் வைக்க எடுத்தது. அன்று ஸ்டேஷனில் எழுதிய பெயரை யாரும் அடிக்கவில்லை. எங்கே ஒரு மூட்டை குறைந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். ஸ்டேஷனில் அவருக்குப் பெயர் 'பழைய ஆளு'.

"களவு யாரு வீட்டு விசேசமா இருந்தாலும் மொதப் பந்தி எனக்குத்தான் மாப்ளே" என்பார்.

பதிலுக்கு அவரும் போலீசைப் படித்து வைத்திருந்தார். ஒருநாள் குடோன் எதிரே வேட்டி கட்டி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஒருவரைக் கண்ணால் காட்டினார்.

"அந்தா நிக்கிறாருல்ல, ஐயா சோலியா வந்திருக்காரு."

"எப்பிடிண்ணே கண்டுபிடிச்சீக?"

"கீழ பாரு. வேட்டிக்கு எவன்டா செவப்பு பூட்ஸு போடுவான்?"

போன ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். குடோன் முதலாளி, மலைமேல் போயிருந்த கணக்குப்பிள்ளையைப் போனில் பிடித்து, ஒரு மூட்டையைக் காணோமே என்று கேட்டார். "ஏலம் போயிருச்சு முதலாளி" என்றார் அவர். அத்தோடு சிக்னலும் போயிருச்சு. முதலாளி ஸ்டேஷனுக்குப் போய், ஒரு மூட்டை ஏலக்காய் திருட்டு என்று எழுதிக் கொடுத்தார்.

கேமராவை ஓட்டிப் பார்த்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம், சாரல். குரங்குக்குல்லா போட்ட ஓர் ஆள் இடது தோளைச் சாய்த்து, வலது காலை வீசி, குடோன் கதவு முன்னால் மூன்று தடவை போகிறது, வருகிறது. முகம் தெரியவில்லை. நடை தெரிந்தது. முப்பது வருடம் மூட்டை சுமந்த அந்த நடையைத் தெரியாதவர் நம் தெருவில் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் ஜீப்பு வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போனது.

கேமராவில் நடந்தது நான். எதிரே டீக்கடையில் என் சேக்காளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கேமரா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் செல்வி அக்காவுக்குச் சிலமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதாக இருந்தது. அப்பா ஸ்டேஷனில் இருக்கிறார் என்று தெரிந்தால் வந்த தட்டு அப்படியே திரும்பிவிடும். சனிக்கிழமை அக்கா எங்கள் வாசலில் நின்று என் அம்மாவிடம் கேட்டது: "அப்பா வெரசா வந்திருவாகள்ல அத்தை?" நான் உள்ளே சோறு தின்றுகொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதை அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். சட்டையைக் கழற்றச் சொல்லித் தரையில் உட்காரவைத்தார்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் அதட்டிக் கேட்டார், ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார், மூன்றாமவர் ஒன்றுமே பேசாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததச் சொல்லுய்யா" என்றாராம் ஏட்டு.

"நான் அங்கிட்டு நடக்கவே இல்லைங்கய்யா."

"நக்கலு? சரி, இப்ப நட பாப்போம்."

செல்போனில் என்னை ஓடவிட்டுக்கொண்டு, முற்றத்தில் அவரை நடக்கவிட்டார்கள். பயத்தில் அண்ணனுக்கு உடம்பு விறைத்து, தோள் நிமிர்ந்துவிட்டது. கால் நேராகப் போனது. "பாத்தீங்களா, நடைய மாத்துறான். பழைய ஆளுல்ல" என்று ஒருவர் சொல்ல, மறுபடியும் நடக்கவைத்தார்கள். மத்தியானம் முழுக்க நடந்திருக்கிறார். அவர் நடையை அவரைவிட நான் நன்றாக நடந்திருந்தேன். சந்தேகம் வலுத்தது.

"அடிக்கல மாப்ளே. அடிச்சிருந்தா வலி இங்கனன்னு கையக் காட்டிச் சொல்லலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூ வைத்தார்கள். லோடு ஏற்றப் போனவர், மலைப்பாதையில் மரம் விழுந்து மாட்டிக்கொண்டார் என்று சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். மரம் விழுகிற அளவுக்கு அங்கே காற்று இல்லை. இருந்தாலும் தட்டு மாறியது. சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு நான் சொன்ன கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். நான் நேராக ஸ்டேஷனுக்குள் போய், 'நடந்தது அவரில்லை, நான்' என்று சொல்லி, ஏட்டு முன்னால் நடந்தும் காட்டி அவரை மீட்டுக்கொண்டு வந்த கதை. கேட்டவர்கள் வடை வாங்கிக் கொடுத்தார்கள். பலசரக்குக் கடை மாமா மட்டும் நம்பாமல், என்னை வைத்துக்கொண்டே அண்ணனிடம் விசாரித்தார்.

"முத்தையா, இந்தப் பய சொல்றது நெசமாப்பா?"

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வந்தான் மாமா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

நான் போகவில்லை. கணக்குப்பிள்ளை மலையிலிருந்து இறங்கி வந்து, "ஏலத்துல வித்துப் போச்சுன்னுல்ல சொன்னேன்" என்று சீட்டைக் காட்டினார். அதனால்தான் விட்டார்கள். ஏலக்காயும் ஏலம், விற்பதும் ஏலம் என்றிருக்கிற ஊரில் ஏலக்காய் வியாபாரமே செய்கிற முதலாளி, வெட்கப்பட்டு வெளியே மூச்சு விடவில்லை. அந்தச் சந்தில்தான் என் கதையை நுழைத்தேன்.

அண்ணனைத் தனியாகப் பார்த்தபோது, கேமராவில் நடந்தது நான் என்று எப்போது தெரியும் என்று கேட்டேன். போனில் முதல் தடவை ஓட்டியபோதே என் செருப்பைப் பார்த்துவிட்டாராம்.

"ஏண்ணே சொல்லல?"

"பதினேழு வயசுல அந்தத் தரையில ஒக்காரக் கூடாது மாப்ளே. எனக்குப் பழகிப்போச்சு." கொஞ்சம் தூரம் போய்த் திரும்பினார். "எடது தோள இன்னும் ஒரு வெரக்கடை எறக்கணும். மத்தபடி நாந்தான்."

அவருக்கு நெஞ்சு வலி எப்போது ஆரம்பித்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதில் முதல் ஆள் நான்.

சரியாகச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு எதிர்ச்சாரி வரைக்கும் போனேன். தள்ளுவண்டியில் ஒரு கொய்யாக்காய் வாங்கினேன். மிளகாய்த்தூள் போட்டுத் தின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

செல்வி அக்கா, உங்களுக்குப் பூ வைத்தபோது அப்பா பக்கத்தில் நின்றிருக்க வேண்டிய அந்த மத்தியானம்தான் அண்ணனிடமிருந்து களவு போய் என்னிடம் வந்து தங்கியிருக்கிறது. அதை நான் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆளை விட்டுக் கூப்பிடுங்கள், வருகிறேன். நானாக வருவேன் என்று மட்டும் நம்ப வேண்டாம்.