டீச்சர் சொன்னதாக ஒரு சட்டம்

அறுபதுகளின் நடுவில், படிப்பை முடித்த கையோடு, கோலார் தங்கவயலில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. அப்பா சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண், படிக்க அல்ல, பாடம் நடத்தப் போகிறாள் என்பதை எங்கள் வரிசை முழுக்க வாசலில் நின்று பார்த்தது. முதல் நாள் எனக்கு நடையே சரியாக வரவில்லை. பின்குத்திய புடவை காலில் தட்டிக்கொண்டே இருந்தது.

வகுப்பில் எனக்குப் பயம் இல்லை. பிள்ளைகள் நான் சொன்னதைக் கேட்டார்கள். கேட்காதவர்கள் ஸ்டாஃப் மீட்டிங்கில் இருந்தார்கள்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் மீட்டிங் நடக்கும். நீள மேஜையைச் சுற்றி ஆண் ஆசிரியர்கள். தலைமையாசிரியர் நடு நாற்காலியில். நாங்கள் இரண்டு பெண்கள், நானும் கன்னட டீச்சரும், சுவரோரம் கிடந்த பெஞ்சில். அங்கேதான் உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. மேஜையைச் சுற்றி இடமும் இருந்ததில்லை.

முதல் மீட்டிங்கிலேயே நான் எழுந்தேன். "சார், எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களையும் லேபுக்குக் கூட்டிட்டுப் போனா..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் ஜாக்ரபி சார் கையை உயர்த்திவிட்டார்.

"டீச்சர் இன்னா சொல்ல வராங்கன்னா சார், பசங்க வந்து போறதால லேப் குப்பையா கீதாம். தினம் பெருக்கணும்ங்கறாங்க."

"நல்ல யோசனை. பியூன்கிட்ட சொல்லிடறேன்," என்றார் தலைமையாசிரியர்.

நான் உட்கார்ந்துவிட்டேன். லேப் அதற்குப் பிறகு சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அதற்குள் வரவில்லை.

ஜாக்ரபி சார் கெட்டவர் இல்லை. புத்தகத்தைப் பார்க்காமல் கரும்பலகையில் உலகப் படத்தை ஒரே இழுப்பில் வரைவார். அப்பா காலில் கல் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆரஞ்சுப் பழத்தோடு முதலில் வந்து நின்றவர் அவர்தான். பெண்கள் சபையில் பேசத் திணறுவார்கள், நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்று அவர் மனதார நம்பினார். நான் வாயைத் திறந்தால் போதும், மீதியை அவர் சொல்லிவிடுவார். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட இல்லை. நான் பேசும்போது அவர்கள் பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த வருடம் தாமதமாக வருகிறவர்களைப் பற்றிய பேச்சு வந்தது. பிரேயர் முடிந்த பிறகும் பெண்பிள்ளைகள் கும்பல் கும்பலாக வருகிறார்கள், கேட்டில் ஒழுங்கே இல்லை என்று எல்லோருக்கும் கோபம். எனக்குக் காரணம் தெரியும். காலை ஷிஃப்டுக்கு ஆட்கள் போன பிறகுதான் எங்கள் லைன்களில் பொதுக்குழாய்க்குத் தண்ணீர் விடுவார்கள். ஒரு குழாய்க்கு ஒரு தெருவே நிற்கும். வீட்டில் குடம் தூக்குகிறவள் பெண்பிள்ளை. அவள் கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பாவாடையைப் பிழிந்துகொண்டு ஓடி வருவதற்குள் பிரேயர் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் என் தங்கையும் அப்படித்தான் ஓடினாள்.

நான் எழுந்தேன். "சார், பொண்ணுங்க லேட்டா வர்றதைப் பத்தி நாம கொஞ்சம் யோசிக்கணும். காலையில வீட்டுல..."

"அதான் சார்," என்றார் ஜாக்ரபி சார். "டீச்சரே சொல்றாங்க பாருங்க. வீட்டுல கண்டிப்பு இல்ல. இங்கயாவது இருக்கணும். லேட்டா வந்தா உள்ள வுடக் கூடாது, திருப்பி அனுப்பிடணும். அப்பதான் அம்மா அப்பாவுக்குப் புத்தி வரும்."

"இல்ல சார், நான்..."

"லேடி டீச்சரே சொல்லும்போது நாம இன்னா சொல்றது?" என்று மேஜையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் சிரித்தார். தலைமையாசிரியர் தலையசைத்தார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமையிலிருந்து பிரேயர் முடிந்ததும் கேட் பூட்டப்பட்டது.

என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சோதனைக் குழாயைக் கையில் கொடுத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பாள். கேள்வி கேட்டால் பதிலோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துத் தருவாள். அந்த மாதம் அவள் இருந்த இடம் அடிக்கடி காலியாக இருந்தது, பிறகு காலியாகவே ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். பொண்ணு ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

அந்த அம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "இன்னா டீச்சரம்மா, தெரியாத மாரி கேக்கறீங்கோ? லேட்டா வந்தா தொரத்தி வுட சொன்னதே நீங்கதானாமே. தண்ணி புடிச்சிகினு ஓடியாருது புள்ள, கேட்டுல நிக்க வச்சித் திருப்பி அனுப்பறாங்கோ. எத்தினி நாளு அழுதுகினு வரும்? குடியாத்தத்துல எங்கக்கா வூட்டுக்கு அனுப்பிடலாம்னு கீறேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க," என்றேன்.

"எல்லாரும் நீங்க சொன்னதாத்தான் சொல்றாங்கோ," என்றபடி அவள் நடந்துவிட்டாள்.

நான் சொல்ல நினைத்தது ஒன்று. ஊருக்குள் என் பெயரில் நடப்பது அதற்கு நேர் எதிர். கோபம் வந்தால் எனக்கு அழுகை வரும். குழாயடியில் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அதையும் விழுங்கினேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் கன்னட டீச்சரோடு நடந்தேன். என்னைவிட மூத்தவர், கோலார் பக்கத்துக்காரர். மீட்டிங்கில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். நடந்ததைச் சொன்னேன்.

"நானும் ஆரம்பத்துல பேசினவதான் டீச்சர்," என்றார். "பாதியிலயே வெட்டிட்டா, வாயில சோறு இருக்கும்போது இலையை எடுத்த மாதிரி இருக்கும். அப்புறம் பேடவே பேடா, வேண்டவே வேண்டாம்னு ஊசியை எடுத்துட்டேன்."

"என்னை வெட்டும்போது நீங்க பேசுங்க. உங்களை வெட்டும்போது நான் பேசறேன்."

"என்னன்னு பேசறது?"

"இன்னும் முடிக்கலைன்னு. அவ்வளவுதான்."

அவர் பயந்தார். பெரியவர்களை எப்படி நிறுத்துவது, மரியாதையாக இருக்குமா என்றார். ஊரிகம் போகிற பாதையில், தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண் மேட்டை ஒட்டி நடந்தபடியே பழகிப் பார்த்தோம். நான் ஜாக்ரபி சார் போலக் கையை உயர்த்திக் குறுக்கே புகுந்தேன். "சார், டீச்சர் முடிக்கட்டும்," என்று அவர் எதிரே வந்த எருமையைப் பார்த்துச் சொன்னார். முதல் தடவை குரலே எழவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளில் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மீட்டிங்கில் மற்ற விஷயங்கள் முடிந்ததும் எழுந்தேன். "சார், கேட் பூட்டறதைப் பத்திப் பேசணும். அது நான் சொன்ன..."

"டீச்சர் இன்னா சொல்ல வராங்கன்னா," என்றார் ஜாக்ரபி சார்.

நான் பெஞ்சைப் பார்த்தேன். கன்னட டீச்சரின் ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேச மாட்டார் என்றே நினைத்துவிட்டேன். ஊசிகள் நின்றன.

"சார், டீச்சர் இன்னும் முடிக்கலை."

அந்தக் குரலையே பலர் முதல்முறையாகக் கேட்டார்கள் என்று நினைக்கிறேன். ஜாக்ரபி சார் சிரித்துக்கொண்டே, "நான் ஹெல்ப்தானே பண்றேன்," என்றார்.

"அவங்க முடிச்ச பிறகு பண்ணுங்க சார்," என்றார் கன்னட டீச்சர். மடியிலிருந்த நூல்கண்டு தரையில் உருண்டது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கோ அடுத்த வார்த்தை மறந்துவிட்டது! இரண்டாவது வாக்கியத்தைத் தாண்டி அந்த அறையில் நான் போனதே இல்லையே. தொண்டையைச் செருமினேன். பிறகு குழாயைப் பற்றிச் சொன்னேன், குடங்களைப் பற்றிச் சொன்னேன், என் தங்கை ஓடுவதைச் சொன்னேன். லேட்டாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப நான் ஒருநாளும் சொல்லவில்லை என்று சொன்னேன். ஒரு பெண் படிப்பை நிறுத்தப் போகிறாள் என்று முடித்தேன். குரல் உடைந்ததுதான். ஆனாலும் முடித்தேன்.

"தண்ணி அந்த நேரத்திலா வருது?" என்று கேட்டார் தலைமையாசிரியர். அவருக்குச் சுரங்க அதிகாரிகளின் பங்களாக்களுக்குப் பக்கத்தில் வீடு, அங்கே எந்நேரமும் தண்ணீர் வரும். "ஏன் டீச்சர் இதை முன்னாடியே சொல்லலை?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். ஜாக்ரபி சார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "இப்பச் சொல்லிட்டேன் சார்," என்றேன்.

ஒழுங்கு கெட்டுவிடும் என்று இரண்டு மூன்று பேர் வாதாடினார்கள். கடைசியில் முதல் பீரியட் முடியும்வரை கேட்டைத் திறந்து வைக்கலாம், அடுத்த பரீட்சை வரை பார்க்கலாம் என்று முடிவானது. பரீட்சைக்குப் பிறகும் யாரும் பூட்டவில்லை.

வெளியே வந்ததும் ஜாக்ரபி சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். முகம் சுண்டியிருந்தது. "இத்தனை நாளும் உங்களுக்கு சப்போர்ட் பண்றதாத்தான் நெனச்சிகினு இருந்தேன் டீச்சர்."

"தெரியும் சார். ஆனா அந்தப் பொண்ணோட அம்மா, நான்தான் துரத்தினேன்னு நினைக்கறாங்க."

அவர் சைக்கிளை நிறுத்தினார். "வூடு எங்க?" என்று கேட்டார்.

கன்னட டீச்சரையும் சேர்த்து நாங்கள் மூவரும் அன்றைக்கே போனோம். அந்த அம்மாள் எங்களுக்குப் பாய் விரித்து, டீயும் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் நின்றபடி கொட்டித் தீர்த்தாள். புருஷனுக்கு ஷிஃப்ட் மாறுவதை, கைக்குழந்தையை, கேட்டில் பெண் அழுததை. நடுவில் ஜாக்ரபி சார், "அதாவதும்மா, நீங்க இன்னா..." என்று தொடங்கினார். சட்டென்று நிறுத்தினார். எதிரிலிருந்த டீயை எடுத்துக் கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாள் கடைசிவரை பேசி முடித்தாள். பிறகு உள்ளே திரும்பி, "யேய், உன் டீச்சருங்கல்லாம் வந்துகீறாங்கோ, வா வெளிய," என்று கூப்பிட்டாள்.

திங்கட்கிழமை முதல் பீரியடின் பாதியில் அவள் வந்தாள், ஈரப் பாவாடையோடு. நான் பாடத்தை நிறுத்தாமல் இடத்தைக் காட்டினேன்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். குறுக்கே பேசுகிறவர்கள் பேசினார்கள். ஆனால் நிறுத்தச் சொல்ல இரண்டு பேர் இருந்தோம், சில நாள் ஜாக்ரபி சாரோடு மூன்று. அடுத்த மீட்டிங்கில், "வேறு யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று தலைமையாசிரியர் வழக்கம்போலக் கேட்டுவிட்டு எழப் போனார்.

"இருக்கு சார்," என்றார் கன்னட டீச்சர். பின்னலை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார். கன்னட வகுப்பைச் சாப்பாட்டுக்குப் பிந்திய தூங்கும் பீரியடில் போடுவதில் தொடங்கி, புத்தகம் இல்லாதது, மழையில் அந்த வகுப்பறை ஒழுகுவது என்று வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தலைமையாசிரியர் மறுபடி உட்கார்ந்தார். சுரங்கத்தின் சாயங்காலச் சங்கு ஊதியது. கன்னட டீச்சர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.