சனிக்கிழமை ஓடாத செக்கு

புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, மற்றக் கையின் பெருவிரலால் மூன்று முறை தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறார் கோதண்டம். எள் எந்த ஊரில் விளைந்தது, எந்த மாதம் அறுத்தது, அறுத்தவள் அன்றைக்குப் புருஷனோடு சண்டை போட்டாளா என்பது வரைக்கும் அந்த ஒரு சொட்டில் சொல்லிவிடுவார். பிள்ளைப்பாக்கத்தில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர், இன்னொருத்தி நான். இதில் என் பங்கு முழுப்பொய். அவர் பங்கில் புருஷன் சண்டையை மட்டும் கழித்துவிட்டு மீதியை நம்பலாம்.

வயது ஐம்பத்தெட்டு. ஓட்டுக் கொட்டகை, அதற்குள் இரும்பில் ஒரு ரோட்டரி செக்கு, ஐந்து குதிரைசக்தி மோட்டார், சுவரோரம் புண்ணாக்கு மூட்டைகள். வாசலில் உழக்கும் புனலுமாக உட்கார்ந்து அளந்து ஊற்றுகிறவர் மனைவி சந்திரம்மாள். ஆட்டிய எண்ணெயை மூன்று நாள் தெளியவிடாமல் கோதண்டம் விற்பதில்லை. அவசரக்காரர்களை ஸ்ரீபெரும்புதூர் கடைக்கு அவரே வழி சொல்லி அனுப்பிவைப்பார். மாட்டுச் செக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் முகம் மலரும். “மாட்ட வித்துத்தான் மோட்டார் வாங்கினேன். மோட்டார் சாணி போடாது, வைக்கோல் கேக்காது, பொங்கலுக்குக் கொம்புல பெயின்ட் அடிக்க வேணாம்.” பழைய கல் உரல் கொல்லையில் துணி துவைக்கிற கல்லாக இருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அவர் அகராதியில் உலகத்தின் கெடுதல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கலப்படம். டீக்கடைப் பாலில் கலப்படம். மேடைப் பேச்சில் கலப்படம். மகன் தீபாவளிக்கு எடுத்துவந்த டெரிகாட்டன் சட்டையைத் தடவிப் பார்த்து, “பாதி பஞ்சு, பாதி பொய்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்று தரகர் சொன்னபோது, எல்லோர் முன்னாலும், “ஓ.டி.யோட சேத்து சூப்பர்வைசரா, ஓ.டி. இல்லாம ஹெல்பரா?” என்று கேட்டவர். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஹெல்பர்தான்.

சனிக்கிழமை மட்டும் கொட்டகை பூட்டியிருக்கும். நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பூட்டைப் பார்க்கிறேன்.

அதைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதியதுதான் நான் செய்த காரியம். இந்த ஊருக்கு வருமுன் பதினெட்டு வருஷம் பம்பாயில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தேன். கூட வேலை பார்த்தவர் எலைஜா மாஸ்டர். கொங்கணக் கரையில் தொன்றுதொட்டு வாழ்கிற யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோர் கிராமம் கிராமமாகச் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்கள். ஓய்வு நாளான சனிக்கிழமையில் மட்டும் செக்கை நிறுத்திவிடுவார்கள் என்பதால், அக்கம்பக்கத்தார் அவர்களைச் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள் என்றே கூப்பிட்டார்களாம். இப்போது மாஸ்டர் அந்தச் சமூகத்துப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு, முன்னோர் வாழ்ந்த ஊர்களையும் கொச்சியில் இருக்கிற பழைய ஜெபாலயத்தையும் காட்டிவருகிறார். அவருக்குத்தான் எழுதினேன்: எங்கள் ஊரில் ஒரு வீடு, ஏழு தலைமுறையாகச் சனிக்கிழமை செக்கு சுற்றாத வீடு. வீடு நிஜம், பூட்டு நிஜம். ஏழு என்பது என் கைச்சரக்கு.

மாஸ்டர் பயணத் திட்டத்தையே மாற்றிவிட்டார். இந்த டிசம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, பத்தொன்பது பிள்ளைகளோடு பஸ் வந்து நின்றது. இரண்டு மணிக்கே வந்திருக்க வேண்டியது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் பக்கம் வெளியூர் வண்டி வந்தால் போலீஸ்காரர்கள் நிறுத்திப் பெயரெழுதுகிறார்கள். பத்தொன்பது பெயர், ஒவ்வொன்றுக்கும் வாலாக ஒரு கொங்கண ஊர்ப்பெயர். எழுதிய ஏட்டுக்குக் கை வலித்திருக்கும். பொழுது சாய்வதற்குள் அவர்கள் காஞ்சிபுரம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சூரியன் இறங்கினால் ஓய்வு நாள் தொடங்கிவிடும். அப்புறம் வண்டி ஏறமாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு மாடு இல்லாதது ஏமாற்றம். மோட்டார் சாணி போடாது என்பதை நான் இந்தியில் சொன்னதும் சிரித்துவிட்டுப் புண்ணாக்கைக் கடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அபிகேல் என்று பெயர், பதினாறு வயது. அவள் கையில் ஒரு பழைய போட்டோ: மரச்செக்கு, பக்கத்தில் தலைப்பாகையோடு அவளுடைய தாத்தா. அந்தச் செக்கை விறகுக்கு விற்றுப் பல வருஷம் ஆகிறது. பிப்ரவரியில் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போகிறார்கள், தாத்தாவைத் தவிர. அவரால் நடக்க முடியாது. போவதற்குமுன் இந்த மண்ணில் எங்காவது ஒரு செக்கு இன்னமும் சனிக்கிழமை நிற்கிறதா என்று பார்த்துவந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்.

“உங்கள் வீட்டில் சனிக்கிழமை ஏன் செக்கு ஓட்டுவதில்லை? பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள்?” அவள் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

கோதண்டம் யோசிக்கவேயில்லை. “சனிக்கெழமைல எவனும் எண்ணெ வாங்க மாட்டான் பாப்பா. வாங்கினா சனி புடிக்கும்னு பயம். யாவாரம் இல்லாத நாள்ல கரன்ட்ட எதுக்கு எரிக்கணும்? பூட்டிகினு பூடுவேன். அவ்ளோதான்.”

இதை அப்படியே அந்தப் பெண்ணிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கொள்ளுத்தாத்தாவைச் சேர்த்தேன். அவருக்கு ஒரு மரணப்படுக்கை போட்டேன். அவர் பேரன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்குகிற இடத்துக்கு வந்தபோது, கோதண்டம் கையை உயர்த்தினார்.

“டீச்சரம்மா, நான் சொன்னது நாலு வார்த்த. நீங்க இம்மாந்நேரம் சொல்லிகினு கீறீங்க. இன்னா கலக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல கோதண்டம். நீ சும்மா ஒரு தலையாட்டு. அந்தப் பொண்ணு நிம்மதியாப் போகும். தாத்தா நடக்க முடியாதவராம்.”

“இத்த ஊர் தாண்டி, கடல் தாண்டித் தூக்கினு போவுது. வழியில கெட்டுப்போற சரக்க நான் குடுக்கமாட்டேன்.”

எலைஜா மாஸ்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்னைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கொள்ளுத்தாத்தாவை மரணப்படுக்கையோடு வாபஸ் வாங்கிக்கொண்டு, கோதண்டம் சொன்னதை மட்டும் சொன்னேன். வியாபாரம் இல்லை, அதனால் பூட்டு.

“அச்சா” என்றாள் அபிகேல். அழவில்லை. போட்டோவை மெல்லிய தாளில் சுற்றி, ஓரங்களை நன்றாக மடித்துப் பைக்குள் வைக்கப் போனாள். புண்ணாக்கு கடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் மெல்லத் தொடங்கினார்கள். டிரைவர் வந்து வெயில் இறங்குவதைக் காட்டினார்.

அப்போதுதான் சந்திரம்மாள் உழக்கை டின்மேல் டங்கென்று வைத்தார்.

“யாவாரம் இல்லன்னா பூட்டற? இன்னாய்யா பேசற நீ? மாதா கோயில் தெருவுல எவனுக்குய்யா சனி புடிக்குது? நாளைக்கு ஞாயித்துக்கெழம, கறி வறுக்கணும், எண்ணெ குடுன்னு வாராவாரம் சனிக்கெழம காலைல தூக்கு எட்தாந்து வாசல்ல நிக்கிறாங்க. அந்தத் தாவீது பொண்டாட்டி போன வாரங்கூடக் கால் கடுக்க நின்னா. ஒருத்தருக்கு, ஒரு உழக்கு, அளந்து ஊத்தியிருக்கியா? நாளைக்கு வான்னு தொரத்துற. உங்கப்பனும் அப்டித்தான் தொரத்துனாரு. ஏன் மாமான்னு கேட்டேன், எங்கப்பாவும் தரமாட்டாருன்னாரு. முப்பத்தஞ்சு வருசமா யாவாரத்தக் கெடுத்துகினு கீற, ஏன்னு அவருக்கும் தெரியல, உனக்கும் தெரியல. அத்தச் சொல்லு பொண்ணுகிட்ட!”

கோதண்டம் மனைவியைப் பார்த்தார். நான் சந்திரம்மாள் பேசியதை, தாவீது பொண்டாட்டியின் கால் கடுப்பு உள்பட, வரிக்கு வரி இந்தியில் சொன்னேன். எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை.

அபிகேலின் கை பைக்குள்ளேயே நின்றது. பிறகு தாளோடு போட்டோவை வெளியே எடுத்தாள். “இவருக்கு முன்னால் செக்கை நிறுத்தியவர்கள் யார் யார்?” என்று கேட்டாள்.

கோதண்டம் கையை விரித்து மடக்கினார். “நானு.” சுண்டுவிரல். “எங்கப்பா.” அடுத்த விரல். “எங்க தாத்தா.” நடுவிரல். “அவுரு அப்பா…” சுட்டுவிரல் பாதி மடங்கி நின்றது. அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.